வால்வு ரேடியோ ரிப்பேர்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

பழைய வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் சொல்வது ஒன்றுதான். “வால்வு போயிருக்கும் தம்பி. ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா பாடிரும்.” என் மேசைக்கு வந்த பெட்டிகளில் வால்வு, அதாவது உள்ளே எரிகிற கண்ணாடிக் குழல், மட்டுமே போயிருந்தவை மிகக் குறைவு. பெரும்பாலும் வால்வு நன்றாகவே இருக்கும். அதற்குக் கீழே, பாகங்களைத் தாங்கும் இரும்புத் தட்டான சேசிஸின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள்தான் கெட்டுப்போயிருக்கும்.

நம் ஊர்ப் பெட்டிகளில் இது கொஞ்சம் கூடுதல். யாங்கோனில் வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். காகிதத்தையும் தகட்டையும் சுருட்டி மெழுகில் முக்கிச் செய்த ஒரு பொருள், அறுபது எழுபது மழைக்காலத்தைப் பார்த்த பிறகும் ஈரம் குடிக்காமலா இருக்கும்? தாத்தா ரேடியோ சிலோன் கேட்ட பெட்டி, 1964-இல் இங்கே பர்மாவில் கடைகள் தேசியமயமானபோது இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கதை வேறானாலும் உள்ளே இருக்கிற வியாதி ஏறக்குறைய ஒன்றுதான்.

சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் பார்க்கத் தெரியும், ஆனால் வால்வு ரேடியோவைத் திறந்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சால்டரிங்கே தெரியாது என்றால் முதலில் நாலு பழைய போர்டில் கழற்றி மாட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

முதலில், பிளக்கைச் செருகாதீர்கள்

பல வருஷம் பரணில் கிடந்த பெட்டியைக் கீழே இறக்கியதும் “பாடுதா பார்ப்போம்” என்று கரண்ட் கொடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பாடவும் பாடும், பத்து நிமிஷம். அதற்குள் லீக் ஆகிற, அதாவது தடுக்க வேண்டிய மின்சாரத்தைக் கசியவிடுகிற, கண்டென்சர் ஒன்று ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையோ மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையோ கொண்டுபோய்விடும். கண்டென்சர் தேநீர்க் காசுக்குக் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

ஆகவே பின் அட்டையைக் கழற்றி, பெட்டிக்குள் முதலில் கண்ணால் பாருங்கள். பல்லி முட்டை, எறும்புப் புற்று, எலி கடித்த ஒயர் எல்லாம் சாதாரணம். பழைய ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டதும் உதிரும். அப்படியானால் மெயின்ஸ் ஒயரை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வால்வின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், அச்சடித்த நம்பர் துணியோடு வந்துவிடும். எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேசிஸைக் கழற்றிய பிறகு அடிப்பக்கத்தையும் நாலு கோணத்தில் எடுங்கள். பிறகு இந்தப் படங்கள்தான் கை கொடுக்கும்.

இது எந்த ஜாதிப் பெட்டி?

சேசிஸில் கை வைக்குமுன் தெரிந்தாக வேண்டிய ஒன்று: இதில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, இல்லையா?

நம் பக்கம் அதிகம் கிடைப்பது ஐரோப்பியப் பெட்டிகள். அவற்றின் வால்வு நம்பரே விஷயத்தைச் சொல்லிவிடும். முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வை உள்ளிருந்து சூடாக்கும் இழையை, குறிக்கும். ‘ஈ’ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். வழக்கமாக டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி. ஐம்பதுகளின் கடைசியில் வந்தவற்றில் ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89, ஈ.பி.சி.81, ஈ.எல்.84, ஈ.இசட்.80 என்ற ஐந்தும் ஒரு குடும்பம் மாதிரி சேர்ந்தே இருக்கும். ‘யூ’ என்று தொடங்கினால் (யூ.சி.எச்.42, யூ.எல்.41, யூ.ஒய்.41 போன்றவை) ஹீட்டர்கள் எல்லாம் 100 மில்லி ஆம்பியரில் சரம்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ‘டி’ (D) என்றால் பேட்டரிப் பெட்டி; 1.4 வோல்ட் ஹீட்டர். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

‘யூ’ பெட்டியில் மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேசிஸிலேயே சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்த இரும்புத் தட்டு முழுக்க 230 வோல்ட். முதல் பெட்டியாக இதை எடுக்காதீர்கள் என்பதே என் யோசனை. எடுத்தே தீருவேன் என்றால் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே கரண்ட் கொடுங்கள். இதில் நம் ஊரில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. “வீட்டில்தான் ஸ்டெபிலைசர் இருக்கே, அது போதாதா?” என்பார்கள். போதாது. வீட்டு ஸ்டெபிலைசர்களில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே வருகிற கம்பிக்கும் வெளியே போகிற கம்பிக்கும் நேர்த் தொடர்பு உண்டு. அது வோல்டேஜைச் சீராக்கும், ஷாக்கிலிருந்து காப்பாற்றாது.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியும் பசு இல்லை. உள்ளே 250 வோல்ட் டி.சி. ஓடுகிறது. அணைத்த பிறகும் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நன்கு உறையிட்ட ஒயரும் கிளிப்பும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கியதும் ஒரு கிளிப்பைச் சேசிஸில், மறு கிளிப்பைப் பெரிய கண்டென்சரின் பிளஸ்ஸில் சில நொடி வைத்துவிட்டு, மீட்டரிலும் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள். கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கைதான் உள்ளே. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். வெறுங்காலோடு ஈரத் தரையில் உட்கார்ந்து இந்த வேலை செய்யக்கூடாது என்பதை மழைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் வட்டு இருக்கும். அதில் 110, 125, 145, 200, 220, 245 என்று எண்கள் இருந்தால் 220-லோ 245-லோ வையுங்கள். உங்கள் வீட்டில் 230-க்கு மேல் அடிக்கடி ஏறும் என்றால் 245. ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்குப் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் போனால் வால்வின் ஆயுள் குறையும்.

ஒரு பல்ப் போதும்

இந்த வேலைக்கு உருப்படியான கருவி ஒன்று நீங்களே செய்துகொள்ளலாம்: ஒரு பிளக், ஒரு பல்ப் ஹோல்டர், ஒரு சாக்கெட். ரேடியோவுக்குப் போகிற இரண்டு கம்பியில் ஒன்றை வெட்டி, அந்த வெட்டில் 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்பைத் தொடராகக் கோர்த்துவிடுங்கள். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும்; ரேடியோ தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கும்.

ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் வால்வை, அதாவது ஈ.இசட்.80-ஐ, கழற்றிவிட்டு இந்த பல்ப் வழியாக முதல் கரண்ட் கொடுங்கள். டயல் விளக்கு எரிய வேண்டும், வால்வுகளின் ஹீட்டர் மெல்லச் சிவக்க வேண்டும், பல்ப் மங்கலாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கை வைக்க முடியாதபடி கொதித்தாலோ பல்ப் மங்கவே இல்லை என்றாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள்: ஹீட்டர் ஒயரில் ஷார்ட் இருக்கிறதா என்று தேட வேண்டும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் மீதி எல்லாம் உழைப்புதான். (‘யூ’ பெட்டியில் இந்தச் சோதனை நடக்காது. ஒரு வால்வைக் கழற்றினால் சரம் அறுந்து எல்லாமே அணைந்துவிடும்.)

பெரிய கண்டென்சர்

அலுமினிய டப்பா மாதிரி நிற்பது எலெக்ட்ரோலிடிக். ஒரே டப்பாவில் 32+32 அல்லது 50+50 மைக்ரோஃபாரட் இருக்கும். காய்ந்துபோனால் ஸ்பீக்கரில் ‘உர்ர்ர்’ என்று ஓயாத இரைச்சல் வரும். லீக் ஆனால் டப்பா சூடாகும், கீழே கசிந்து உப்புப் பூத்திருக்கும்.

பழைய டப்பாவைக் கழற்றி எறிய வேண்டாம், மேலே அழகுக்கு நிற்கட்டும். அதில் சேர்ந்திருந்த ஒயர்களை மட்டும் எடுத்துவிட்டு, சேசிஸின் அடியில் ஒரு சிறிய டேக் ஸ்ட்ரிப் (ஈயம் வைக்கும் காதுகள் உள்ள பட்டை) வைத்து, அதில் புதிய 33 அல்லது 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டென்சர்கள் இரண்டை மாட்டுங்கள். பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டிவிடும் பழக்கம் பல ரிப்பேர் கடைகளில் உண்டு. இரைச்சல் நிற்கும், சரி. ஆனால் பழையது லீக் ஆகிக்கொண்டே இருக்கும். “பெரிசாப் போட்டா இன்னும் நல்லது” என்று 220 மைக்ரோஃபாரட் போடுவதும் தப்பு. ஈ.இசட்.80-க்கு நேர் பின்னால் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் அந்தக் கண்டென்சரை நிரப்பப் பாய்கிற மின்னோட்டத்தை அந்த வால்வு தாங்காது. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். இரண்டு முறை பார்த்துவிட்டு ஈயம் வையுங்கள்.

ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வான ஈ.எல்.84-இன் கேத்தோடில் (சூடாகி எலக்ட்ரான்களை வெளிவிடும் முனை) 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலெக்ட்ரோலிடிக் ஒன்றும் இருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள். 22 அல்லது 47, 50 வோல்ட் போதும்.

அந்த ஒரு கண்டென்சர்

எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். ஈ.பி.சி.81-இன் ஆனோடிலிருந்து (எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் தகடு) ஈ.எல்.84-இன் கிரிட்டுக்கு (அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் கப்ளிங் கண்டென்சர். மதிப்பு பெரும்பாலும் 10 நானோஃபாரட். ஒரு ரேடியோவில் ஒரே ஒரு பாகம்தான் மாற்றலாம் என்று யாராவது என் கையைக் கட்டிப்போட்டால் நான் மாற்றுவது இதைத்தான்.

இதன் வேலை, பாட்டை மட்டும் அடுத்த வால்வுக்கு அனுப்பி, டி.சி.யைத் தடுப்பது. ஒரு பக்கம் 80 வோல்ட் நிற்கும், மறு பக்கம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஈரம் குடித்த காகிதம் பத்து மெகா ஓம் ரெசிஸ்டர் மாதிரி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மெகா ஓம் என்றால் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் கிரிட்டிலிருந்து சேசிஸுக்குப் போகிற ரெசிஸ்டர் 1 மெகா ஓம். 80 வோல்ட் பதினொரு பங்காகி, அதில் ஒரு பங்கு கிரிட்டில் வந்து நிற்கும்: 7 வோல்ட்டுக்கு மேல், அதுவும் பிளஸ்ஸில். ஈ.எல்.84-க்கு 250 வோல்ட்டில் அந்தக் கிரிட் கேத்தோடைவிட 7.3 வோல்ட் மைனஸில் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, வால்வு மின்னோட்டத்தை அள்ளி இழுக்கிறது. உள்ளே ஆனோடுத் தகடு செம்பு நிறத்தில் சிவக்கும். பாட்டு கரகரக்கும். அப்புறம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய கம்பி அறும்.

இதைப் பார்த்து “வால்வு போச்சு” என்று புது ஈ.எல்.84 வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? அதுவும் அதே வழியில் போகும். ஒரு அத்தை கொண்டுவந்த பெட்டிக்கு முன்னால் பார்த்த ஆள் மூன்று வால்வு மாற்றியிருந்தார். மூன்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார் அத்தை. கருத்துப்போன அந்தச் சிறிய உருளை மட்டும் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

சோதிப்பது சுலபம். கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் ஓம் பார்க்காதீர்கள், கெபாசிட்டன்ஸ் மீட்டரிலும் பார்க்காதீர்கள். இரண்டிலும் பாஸ் ஆகிவிடும். மீட்டர் தருவது சில வோல்ட். இது திருடுவது 80 வோல்ட்டில். ரேடியோ ஓடும்போது, வேலை செய்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஈ.எல்.84-ஐக் கழற்றிவிட்டு (வால்வு இருந்தால் அதன் கிரிட்டே கொஞ்சம் வோல்டேஜ் காட்டிக் குழப்பும்) கரண்ட் கொடுத்து, அதன் சாக்கெட்டின் 2-ஆம் பின்னில் டி.சி. வோல்ட் பாருங்கள். பின்களை அடிப்பக்கத்திலிருந்து, இடைவெளியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். டிஜிட்டல் மீட்டர் போதும். அரை வோல்ட் காட்டினாலே மாற்றுங்கள். உண்மையில் காகிதக் கண்டென்சர் என்றால் நான் அளக்காமலே மாற்றிவிடுகிறேன். புதியவர்கள் மட்டும் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

மாற்றுவதற்கு 10 நானோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் கண்டென்சர். இதற்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. மாற்றியதும் மறுபடி அதே இடத்தில் அளந்து பூஜ்யம் என்று பார்த்த பிறகு வால்வைப் போடுங்கள். பிறகு 3-ஆம் பின், அதாவது கேத்தோடில் அளக்கவும். ரெசிஸ்டர் 135 ஓம், கேத்தோடு 7.3 வோல்ட் என்றால் வகுத்துப் பாருங்கள்: 54 மில்லி ஆம்பியர். அதுதான் அந்த வால்வுக்கு முழு அளவு. உங்கள் பெட்டியில் ரெசிஸ்டர் மதிப்பு வேறாக இருக்கலாம், கணக்கு அதேதான். 12, 13 வோல்ட் காட்டினால் உடனே அணையுங்கள்.

மீதிக் கண்டென்சர்கள்

இனி மெழுகு உருளைகள், தார் பூசிய கறுப்பு உருளைகள் எல்லாவற்றையும் வரிசையாக மாற்றலாம். ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு மாட்டாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஒரு பெட்டியில் பதினான்கையும் ஒரே ராத்திரியில் மாற்றினேன். காலையில் பெட்டி ஊமை. எந்த ஒன்றைப் பக்கத்து டேக்கில் வைத்துவிட்டேன் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒன்றை மாற்று, கரண்ட் கொடுத்துப் பார், வோல்டேஜைக் குறித்துக்கொள், அணை, டிஸ்சார்ஜ் செய், அடுத்தது. சலிப்பாக இருக்கும். தேநீர்க் கடைக்குப் போய் வந்து தொடருங்கள்.

வரிசை என்றால் இப்படி. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியிலோ ஈ.எல்.84-இன் ஆனோடிலிருந்து சேசிஸுக்கோ 2 முதல் 5 நானோஃபாரட்டில் ஒன்று இருக்கும். அது ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் காலி. ஆகவே 1,000 வோல்ட்டுக்குக் குறையாமல் போடுங்கள். அடுத்து ஈ.சி.எச்.81, ஈ.எஃப்.89 இரண்டின் ஸ்கிரீன் கிரிட்டில் (இரண்டாவது வலை) நிற்கும் 47 அல்லது 100 நானோஃபாரட்; அவை லீக் ஆனால் ஸ்கிரீன் வோல்டேஜ் விழுந்து ஸ்டேஷன்கள் மெலியும். பிறகு ஏ.ஜி.சி. லைனில், அதாவது ஸ்டேஷன்களின் சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும் லைனில், இருப்பது. அங்கே ரெசிஸ்டர்கள் மெகா ஓம் கணக்கில் இருப்பதால் சின்ன லீக்கே போதும், பக்கத்து ஸ்டேஷன் அலறும், தூரத்து ஸ்டேஷன் காணாமல் போகும்.

மெயின்ஸ் கம்பிகளுக்குக் குறுக்கே கண்டென்சர் இருந்தால் அந்த இடத்தில் ‘எக்ஸ்2’ என்று அச்சிட்டதை மட்டுமே போடுங்கள். ‘யூ’ பெட்டியில் ஏரியல், எர்த் சாக்கெட்டுகளுக்கும் சேசிஸுக்கும் நடுவே நிற்பவை ‘ஒய்’ வகையாக இருக்க வேண்டும். ஏரியல் கம்பியைப் பிடித்து மாடியில் கட்டுகிற பையனின் உயிர் அந்தச் சின்ன வில்லையில் இருக்கிறது.

மதிப்பைப் படிப்பதில் ஒரு பொறி உண்டு. பழைய ஐரோப்பியச் சர்க்யூட் படங்களில் கண்டென்சர் பக்கத்தில் ‘10 கே’ என்று போட்டிருந்தால் அது 10,000 பிகோஃபாரட், அதாவது 10 நானோஃபாரட். ரெசிஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ‘.01’ என்று மட்டும் இருந்தால் அது மைக்ரோஃபாரட் கணக்கு. அதுவும் 10 நானோஃபாரட்தான். சரியான மதிப்பு கிடைக்காமல் 47-க்குப் பதில் 50 போட்டால் ரேடியோ கோபித்துக்கொள்ளாது. வோல்ட் மட்டும் குறையக் கூடாது.

மைக்கா, செராமிக் வில்லைகளைத் தொடாதீர்கள்; அவை அபூர்வமாகவே கெடும், டியூனிங்கோடு சம்பந்தப்பட்டவை. கடுகு நிறத்தில் பளபளவென்று இருக்கும் பிலிப்ஸ், முல்லார்ட் பாலியெஸ்டர்களும் காகிதம் அல்ல. இருக்கட்டும்.

ரெசிஸ்டர்

பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பில் ஏறும். இதில் வேலையைப் பாதியாக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கரண்ட் இல்லாமல், கழற்றாமல், இருந்த இடத்திலேயே அளந்து பாருங்கள். பக்கத்துப் பாகங்கள் இணையாக நிற்பதால் மீட்டர் காட்டுவது உண்மை மதிப்பைவிடக் குறையலாமே தவிர, கூட வழியில்லை. எனவே 220 கிலோ ஓமுக்கு 310 காட்டினால் அது கெட்டது, சந்தேகமே வேண்டாம். குறைவாகக் காட்டினால் மட்டும் ஒரு காலைக் கழற்றி மறுபடி பாருங்கள். கண்டென்சரில் மிச்சமிருக்கும் சார்ஜ் மீட்டரை ஏமாற்றலாம், அதனால் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு எண் நிலைக்கும் வரை பொறுங்கள்.

இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் மாற்றுங்கள். முக்கியமாக ஈ.பி.சி.81-இன் ஆனோடு ரெசிஸ்டர், ஸ்கிரீன் ரெசிஸ்டர்கள், ஈ.எல்.84-இன் கேத்தோடு ரெசிஸ்டர். இப்போது கடையில் கிடைக்கும் கால் வாட் குட்டிகள் 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அரை வாட் அல்லது ஒரு வாட் வாங்குங்கள். ரொம்பப் பழைய ரெசிஸ்டரில் வளையம் இல்லாமல் உடம்பு ஒரு நிறம், நுனி ஒரு நிறம், நடுவே ஒரு புள்ளி என்று இருக்கும். உடம்பு முதல் எண், நுனி இரண்டாம் எண், புள்ளி எத்தனை பூஜ்யம் என்பது.

ஈயம் வைப்பது

பழைய கால்களை டேக்கிலிருந்து பிடுங்கிப் போராடாதீர்கள். வால்வு சாக்கெட்டின் டேக் உடைந்தால் அது பெரிய வேலை. பழைய கண்டென்சரின் கால்களை உடம்புக்கு அருகில் வெட்டி, மிச்சக் கம்பியைச் சிறு வளையமாக மடித்து, புதிய காலை அதில் கொக்கி போட்டு ஈயம் வையுங்கள். 40 வாட் அயர்ன் போதும். சேசிஸிலேயே பற்ற வேண்டிய இடத்துக்கு 60 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். ரோசின் உள்ளே உள்ள 60/40 ஈயம் மட்டும். தகரக் கடையில் கிடைக்கும் ஆசிட் பிளக்ஸ் இரண்டே மழைக்காலத்தில் கம்பியைத் தின்றுவிடும். ஆறிய பிறகு பளபளவென்று இருக்க வேண்டும். மங்கலாக உருண்டு நின்றால் திரும்பச் சூடாக்குங்கள்.

கடைசியாக, வால்வு

இத்தனைக்கும் பிறகுதான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் வெள்ளிக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, வால்வு செத்தது. ஹீட்டர் பின்கள் இரண்டுக்கும் நடுவே தொடர்பு இல்லையென்றாலும் அப்படித்தான். மற்றபடி பாதிப் பிரச்சினை பின்னில் ஏறிய பாசிதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சாக்கெட்டில் நாலைந்து முறை செருகி எடுத்தாலே பல வால்வு உயிர் பெறும். உப்புத்தாள் போடாதீர்கள், பின் வளைந்தால் கண்ணாடி விரியும்.

ஈ.எல்.84 இன்றும் புதிதாகத் தயாராகிறது. மற்றவற்றுக்குப் பழைய சரக்கு அல்லது வேறு பெட்டியிலிருந்து எடுத்தது. யூ.எல்.84-க்குப் பதில் ஈ.எல்.84 போட முடியாது, ஹீட்டர் வேறு. ஈ.இசட்.80 கிடைக்கவில்லை என்று இரண்டு டையோடை வைத்து ஒட்டிவிடும் வித்தையையும் சிலர் சொல்வார்கள். வால்வில் விழுகிற வோல்டேஜ் டையோடில் விழாது. அதனால் எச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் டி.சி. வோல்டேஜ்) பல வோல்ட் ஏறும், அதுவும் மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே. தொடரில் தகுந்த ரெசிஸ்டர் போடாமல் செய்யாதீர்கள்.

ஸ்டேஷனைப் பிரித்தெடுக்க உதவும் ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) டிரான்ஸ்ஃபார்மர் டப்பாக்களின் உச்சியில் திருகு மாதிரி ஒன்று தெரியும். கை அரிக்கும். திருப்பாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

பாட விடுதல்

எல்லாம் மாற்றியான பிறகு பல்ப் வழியாகவே ஒருமுறை முழு வால்வுகளோடு ஓட்டுங்கள். பல்ப் இருக்கும்போது வோல்டேஜ் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். மங்கலாக நின்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து, எச்.டி., கேத்தோடு, ஸ்கிரீன் மூன்றையும் அளந்து காகிதத்தில் குறித்து சேசிஸின் ஓரத்தில் ஒட்டுங்கள். பத்து வருஷம் கழித்துத் திறப்பவர் உங்களை வாழ்த்துவார். முதல் ஒரு மணி நேரம் பெட்டியை விட்டு அகல வேண்டாம். மூக்கையும் கண்ணையும் அதன் பக்கமே வைத்திருங்கள்.

பத்து மீட்டர் ஒயரை ஏரியலாகக் கட்டி, பொழுது சாய்ந்த பிறகு ஷார்ட்வேவ் பக்கம் முள்ளைத் திருப்புங்கள். வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்ப், போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கரகரக்கும். அது ரேடியோவின் குற்றம் இல்லை. கரண்ட் போனால் அந்த இரைச்சலும் போய்விடும். ஆனால் அப்போது ரேடியோவும் போய்விடும். நம் ஊரில் இதற்கு வழி தெரியவில்லை.

பின் அட்டையை மறக்காமல் மாட்டுங்கள், ‘யூ’ பெட்டியில் கட்டாயம். அந்தப் பெட்டிகளின் குமிழ்களில் சிறு திருகு ஒன்று குழிக்குள் இருக்கும். தொழிற்சாலையில் அதன் மேல் மெழுகு ஊற்றி மூடியிருப்பார்கள். அந்தத் திருகு தொட்டுக்கொண்டிருப்பது குமிழின் தண்டை, தண்டு தொட்டுக்கொண்டிருப்பது கரண்ட் உள்ள சேசிஸை. குமிழைக் கழற்றும்போது மெழுகு உதிர்ந்திருக்கும். வீட்டில் இருக்கிற மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஒவ்வொரு குழியிலும் இரண்டு சொட்டு விட்டு மூடிவிட்டு, அப்புறம் பெட்டியை அத்தையிடம் கொடுங்கள்.